லொறிக்குப் பூட்டிய ஹைட்ரோலிக் வின்ச்: பாவித்துப் பார்த்ததில்

வின்ச் என்பது உருளையில் கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கிற கருவி. பற்றரியில் ஓடுகிறது வாங்கவா, ஒயில் அழுத்தத்தில் ஓடுகிற ஹைட்ரோலிக் வாங்கவா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: மணற்காட்டுப் பக்கம் மணலுக்குள் அச்சுவரை இறங்கிய லொறிகளை இழுக்கிற வேலை அடிக்கடி வருமென்றால் ஹைட்ரோலிக்கையே பூட்டுங்கள். பற்றரி வின்ச் கொஞ்சம் இழுத்ததும் மோட்டர் சுட்டுவிடும், ஆற விட வேண்டும். ஹைட்ரோலிக்கோ எஞ்சின் ஓடும்வரை இழுக்கும். எஞ்சின் நின்றால் இதுவும் நின்றது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பூட்டுகிற வேலையை நல்ல கராச்சில் செய்துவிடுவார்கள். பார்க்க வேண்டியது பம்ப். கியர்பொக்ஸிலிருந்து பம்பைச் சுற்றுகிற இணைப்பான பி.ரி.ஓ. எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கேற்ற பம்ப்தான் வேண்டும். எனக்கு விற்ற கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான் அண்ணை" என்று மறுபக்கம் சுற்றுகிறதைத் தந்துவிட்டார். எங்கள் கராச் பாஸ் பம்பின் மேலிருந்த அம்புக்குறியைப் பார்த்துத் திருப்பி அனுப்பியதால் பம்பின் ஒயில் சீல் தப்பியது.

முதல் ஸ்டார்ட்டுக்கு அவசரப்படவே கூடாது. தாங்கி நிறைய ஒயில், பம்புக்குள்ளும் கொஞ்சம் ஊற்றி, உறிஞ்சுகிற ஹோஸின் வால்வ் திறந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கிளட்சை மிதித்து பி.ரி.ஓ.வைப் போட்டோம். எஞ்சின் ஐட்லிங்கிலேயே, லீவர் நடுவில். ஒயில் பால் தேநீர் போல வெளுத்து நுரைத்தது, பம்பும் கரகரத்தது. உள்ளே காற்று இருக்கிறதென்று அர்த்தம். சுமையில்லாமல் கயிற்றை ஆறுதலாக விட்டும் சுற்றியும் காற்றை வெளியேற்றினோம், சத்தம் அடங்கியது. ஹோஸ்களுக்குள் போன அளவுக்குத் தாங்கியில் ஒயில் இறங்கியிருக்கும், எஞ்சினை நிறுத்தி மறுபடி நிரப்ப வேண்டும்.

அப்புறம் கம்பிக் கயிறு. கடையில் சுற்றித் தந்தது தொளதொள என்றிருந்தது, அப்படியே பாவித்தால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து நசியும். முழுவதையும் வெளியே விட்டு, ஒரு லொறியை மெதுவாக இழுத்தபடி இறுக்கமாகச் சுற்றி எடுத்தோம். வின்சில் எழுதியிருக்கிற இழுவை உருளையின் முதல் அடுக்குக்குத்தான். அடுக்கு கூடக் கூட அது குறையும். அதனால் கயிற்றை நீளமாக விட்டு இழுப்பேன், ஆனால் உருளையில் 5 சுற்றாவது மிஞ்ச வேண்டும். இழுவை போதாதென்றால் கப்பி போட்டுக் கயிற்றை இரட்டையாக்கினால் ஏறக்குறைய இருமடங்கு வரும். ஒயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற வால்வைத் திருகி அதைக் கூட்டச் சொல்லுகிற பெரியாட்களின் கதையைக் கேட்க வேண்டாம்.

இத்தனை காலத்தில் பம்ப், மோட்டர் இரண்டிலும் ஒரு கோளாறும் இல்லை, முதல் பில்டரைச் சீக்கிரமே மாற்றியதும் காரணமாக இருக்கலாம். தொல்லை தருவது உப்புக் காற்றுதான். மயிலிட்டிக் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் ஹோஸ் நுனிகளில் கறள் ஏறிவிடுகிறது, நல்ல தண்ணியால் கழுவிக் கிறீஸ் பூசுகிறேன். பி.ரி.ஓ. போட்டபடியே றோட்டில் ஓடிப் பம்பைக் கருக்கியவர்களும் இருக்கிறார்கள். பி.ரி.ஓ. போட்டிருந்தால் எரிகிறமாதிரி டாஷ்போர்டில் ஒரு சிவப்பு லைற் பூட்டிவிடுங்கள், பெரிய செலவில்லை.