தினமும் ஒரு மாத்திரையா, இரண்டே காளான் அமர்வுகளா?

மனச்சோர்வுக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தரும் எஸ்சிட்டாலோபிராம் ஒரு பக்கம். 'மேஜிக் மஷ்ரூம்' காளானில் இருக்கும் சைலோசிபின் மறுபக்கம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 59 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள்; முடிவு 2021-இல் வெளியானது.

மாத்திரை சத்தமில்லாமல் வேலை செய்யும். நரம்பணுக்கள் வெளியிட்ட செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கும். தினமும் விழுங்க வேண்டும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அவ்வளவுதான்.

சைலோசிபின் கதையே வேறு. உடலுக்குள் சைலோசினாக மாறி, செரோடோனின் வந்து ஒட்டும் 2ஏ என்ற ஏற்பிகளில் நேராகப் போய் ஒட்டிக்கொள்கிறது. நம்மைப் பற்றியே அசைபோடும்போது இயங்கும் மூளை வலைப்பின்னல் சில மணி நேரம் கட்டுக்குலைகிறது. அதிகம் பேசிக்கொள்ளாத பகுதிகள் பேசத் தொடங்குகின்றன. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று செக்குமாடாகச் சுற்றும் மனம் தடம் மாற இதுவே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கண்ணைக் கட்டிப் படுத்து, இசை கேட்டபடி, பக்கத்தில் சிகிச்சையாளர்கள் இருக்க 25 மில்லிகிராம். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை.

சரி, யார் ஜெயித்தது? ஆறாவது வாரத்தில், மனச்சோர்வை அளக்கும் முதன்மை அளவுகோலில் பெரிய வித்தியாசமில்லை. வேறு சில அளவுகோல்களில் சைலோசிபின் முந்தியது. ஆனால் எதை விழுங்கினோம் என்பது நோயாளிக்கே தெரிந்துவிடும் மருந்து இது. எதிர்பார்ப்பே பலனைக் கூட்டிக் காட்டலாம். அதனால் அந்த முந்தலை நான் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், மற்ற மருந்துகள் பலிக்காத மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசிபினைத் தரலாம். அப்புறம், போதைக்காகத் தேடிப்போகும் கொடைக்கானல் காளானை இதோடு குழப்ப வேண்டாம்: அளவும் தெரியாது, துணைக்கு ஆளும் கிடையாது.