முடிவிலியை எட்டாத லென்ஸ்: பழைய காரைப் படமெடுக்கப் போய் நான் ஏமாந்த விதம்

“முழுதாகப் பிரித்து சர்வீஸ் செய்தது” என்ற உறுதிமொழியுடன் விற்கப்பட்ட பழைய ரஷ்ய லென்ஸ் ஒன்றை 8,500 ரூபாய் கொடுத்து வாங்கி, எந்தக் காருக்காக அதை வாங்கினேனோ அந்தக் காரை அதில் படமெடுக்க முடியாமல் போனதைப் பற்றிய பதிவு இது. விற்றவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால், அவர் கையாண்ட முறை அவர் ஒருவருக்கே உரியது என்று நான் நினைக்கவில்லை.

கார் என் அப்பாவுடையது. 1970ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவு வண்டி. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலாட்டி பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டுக்காக வரைந்த உருவத்தை சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்து வந்தது என்பதும், நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவானது என்பதும் இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் வருபவர் போவோரிடமெல்லாம் சொல்லும் செய்திகள். நானும் சொல்லாமல் விட்டதில்லை. வெளிர்பச்சைப் பெயின்ட். ஓட்டுநர் பக்கக் கதவின் மேல்விளிம்பில், அப்பா முழங்கையை ஊன்றி ஊன்றிப் பெயின்ட் தேய்ந்து அடிப்பூச்சு தெரியும் ஓர் இடம் உண்டு. கதவுகளின் அடியில் துரு ஏறிவிட்டதால் டிங்கரிங் வேலையைத் தள்ளிப்போட வழியில்லாமல் ஆகி, ஒரு திங்கட்கிழமை வண்டியைப் பட்டறைக்கு அனுப்ப நாள் குறித்தோம். பழைய பெயின்ட்டைத் தகரம் வரை சுரண்டிவிடுவார்கள். அதற்கு முன் வண்டியை அதன் பழைய நிறத்திலேயே, கூடுமானால் அதன் காலத்து லென்ஸ் ஒன்றில் படமெடுத்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏமாற்றம் நுழைந்த வாசல் அந்த ஆசைதான்.

நான் தேடியது ஹீலியோஸ் 44-2. கார்ல் சைஸ் ஜேனாவின் பயோட்டார் என்ற ஜெர்மானிய லென்ஸின் அமைப்பைப் பின்பற்றி, மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்கிலும் வேறு சில சோவியத் தொழிற்சாலைகளிலும் செய்யப்பட்டு, ஜெனித் கேமராக்களோடு பெரும் எண்ணிக்கையில் உலகெங்கும் போனது. 58 மிமீ குவிய நீளம், எஃப் 2 துளை (ஒளி நுழையும் வாய்; எஃப் எண் சிறிதானால் வாய் பெரிது), நான்கு தொகுதிகளில் ஆறு வில்லைகள், 42 மிமீ மரைப் பொருத்தம். துளையை முழுதாகத் திறந்து வைத்து, பின்னணியில் சிறு இலைகளும் அவற்றின் இடுக்கில் ஒளிப்புள்ளிகளும் இருக்கும்படி எடுத்தால், அந்தப் புள்ளிகள் படத்தின் ஓரங்களில் சுழன்றோடுவது போல நீண்டு வளையும். லென்ஸ் சாத்திரப்படி அது ஒரு குறைதான். ஆனால், புளியமரத்தடியில் நிற்கும் ஒரு ஹெரால்டுக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி வேறு இல்லை என்று எனக்குத் தோன்றியது.

விற்றவர் பழைய கேமராப் பொருட்களைத் தொடர்ந்து வாங்கி விற்பவர். எதற்காக லென்ஸ் தேடுகிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். நானும் வண்டியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அவர் அனுப்பிய படத்தில் லென்ஸின் முன்வளையத்தில் இருந்த வரிசை எண் 70 என்று தொடங்கியது. பல சோவியத் லென்ஸ்களில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் தயாரிப்பு ஆண்டைக் குறிப்பது வழக்கம். “உங்கள் வண்டி பிறந்த ஆண்டே இதுவும் பிறந்தது, சார்” என்று எழுதியிருந்தார். நிறையக் கேள்விகள் கேட்கவேண்டிய நேரத்தில் நான் மகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னவற்றுள் உண்மையாக இருந்தது அந்த எண் ஒன்றுதான் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மாதிரிப் படங்கள் கேட்டேன், ஏழெட்டு அனுப்பினார். செம்பருத்திப் பூ, பூனையின் முகம், தேநீர்க் குவளை, ஒரு குழந்தையின் கை. எல்லாமே நேர்த்தியான படங்கள், எல்லாமே ஒரு மீட்டருக்குள் எடுக்கப்பட்டவை. எட்டடி தள்ளி இருக்கும் ஒரு பொருள்கூட அவற்றில் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வில்லைகளுக்குள் டார்ச் அடித்து ஒரு படம் அனுப்பச் சொன்னபோது, டார்ச் அடித்தால் புது லென்ஸ்கூட அழுக்காகத்தான் தெரியும் என்றார். அது பாதி உண்மை. நான்கு தூசி எல்லா லென்ஸிலும் தெரியும். அதற்காக டார்ச் அடிக்காமல் பழைய லென்ஸ் வாங்குவது, பானெட்டைத் திறக்காமல் பழைய கார் வாங்குவதற்குச் சமம். பூஞ்சை இல்லை, துளையைத் திறந்து மூடும் தகடுகளில் எண்ணெய் இல்லை, புது கிரீஸ் போட்டது என்று எழுத்தில் உறுதி கூறியதை நம்பி, முழுத் தொகையையும் யூபிஐ மூலம் முன்னதாகவே அனுப்பினேன்.

பொதி வெள்ளிக்கிழமை மாலைதான் வந்தது. அன்றிரவு வீட்டுக்குள் குத்துவிளக்கையும், பிறகு வண்டிக் கொட்டகைக்குப் போய் வண்டியின் முகப்பு எழுத்துகளையும் அருகிலிருந்து எடுத்துப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. தொலைவில் உள்ள எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. அது முழுக்க என் தவறு.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினோம். ஹெரால்டின் நீளம் ஏறக்குறைய 3.9 மீட்டர். முழுச்சட்டக உணரி (35 மிமீ பிலிம் சட்டத்தின் அளவுள்ளது) உள்ள கேமராவில் 58 மிமீ லென்ஸைப் பொருத்தி, வண்டியின் முழு நீளத்தையும் முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டுப் பிடிக்க வேண்டுமானால் எட்டு மீட்டராவது பின்னே போக வேண்டும். எட்டு மீட்டர் பின்னே போனேன். குவிய வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். முடிவிலிக் குறிக்கு, அதாவது மிகத் தொலைவில் உள்ளது தெளிவாகத் தெரியவேண்டிய நிலைக்கு, வந்ததும் வளையம் முட்டி நின்றுவிட்டது, வண்டி மட்டும் தெளியவில்லை. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, எனக்கும் வண்டிக்கும் இடையில் மூன்று மீட்டர் தொலைவில் தொங்கிய ஒரு புளியங்கிளை இலை இலையாகத் தெளிவாகத் தெரிந்தது. லென்ஸ் பார்க்கக்கூடிய அதிகபட்சத் தொலைவே அவ்வளவுதான். தெளிவாகத் தெரியும் தொலைவு கூடட்டும் என்று துளையை எஃப் 8க்கு மூடினேன், எஃப் 16க்கும் மூடினேன்; மூன்று மீட்டரில் குவிந்து நிற்கும் ஒரு 58 மிமீ லென்ஸின் தெளிவு எஃப் 16இல்கூட ஐந்தே கால் மீட்டரைத் தாண்டாது. மூன்று மீட்டருக்கு நானே நெருங்கிப் போனால் சட்டத்துக்குள் வருவது ஒரு கதவும் அதன் அக்கம்பக்கமும்தான்.

இது போதாதென்று, வெயில் இலைகளுக்குப் பின்னால் ஏறத் தொடங்கியதும் படம் முழுவதும் பால் தெளித்தது போல வெளுத்தது. குரோம் பம்பரில் விழுந்த ஒவ்வொரு மினுக்கையும் சுற்றி ஒரு புகைவட்டம். வீட்டுக்கு வந்து லென்ஸைக் குழல்விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தபோது காரணம் புரிந்தது. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள வில்லையில் விளக்கின் பிரதிபலிப்பு நீலமோ ஊதாவோ கலந்து மங்கலாகத் தெரியவேண்டும். இதன் முன்வில்லையில் ஓரத்தில் மட்டும் ஊதா இருந்தது. நடுவில் சாதாரண ஜன்னல் கண்ணாடியைப் போல வெள்ளை வெளேரென்று தெரிந்தது. பூஞ்சையை எடுக்கிறேன் என்று எதையோ போட்டுத் தேய்த்துப் பூச்சையே எடுத்திருக்கிறார்கள். டார்ச் ஒளியில் வட்டவட்டமான தேய்ப்புக் கீறல்களும் தெரிந்தன.

விற்றவரைக் கூப்பிட்டேன். அடாப்டர் (பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்டும் வளையம்) கோளாறு, உங்கள் கேமராவில் அப்படித்தான் இருக்கும் என்றார். இந்தப் பதிலைப் பலரும் கேட்கப் போகிறார்கள் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன். இந்த வகை லென்ஸுக்குப் கேமராவில் லென்ஸ் மாட்டும் தளத்திலிருந்து படம் விழும் தளம் வரை 45.46 மிமீ தொலைவு வேண்டும். நிக்கான் எஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள) கேமராக்களில் அந்தத் தொலைவு 46.5 மிமீ, ஆகவே, இடையில் ஒரு திருத்த வில்லை இல்லாமல் அவற்றில் முடிவிலி கிடைக்காது என்பது உண்மை. என்னுடையதோ அந்தக் கண்ணாடி இல்லாத, ‘மிரர்லெஸ்’ வகை சோனி. அதில் அந்தத் தொலைவு 18 மிமீதான், மீதி 27.46 மிமீயை அடாப்டர் ஈடுகட்டுகிறது. நண்பர் ஒருவரிடமிருந்த, இதே 42 மிமீ மரையுள்ள சூப்பர் டாக்குமார் 55 மிமீ லென்ஸை அதே அடாப்டரில் மாட்டிப் பார்த்தேன். தெருமுனைக் கைபேசிக் கோபுரத்தின் கம்பிகள் வரை தெளிவாக வந்தது. இரண்டு படங்களையும் விற்றவருக்கு அனுப்பினேன். பழைய பொருள் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், திருப்பி எடுக்கும் வழக்கமில்லை என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு பதிலே இல்லை.

பிறகு, கேமரா பழுதுபார்ப்பதில் நாற்பது ஆண்டு ஊறிய ஒரு பெரியவரிடம் லென்ஸைக் கொண்டுபோனேன். கையில் வாங்கிய உடனேயே பெயர்வளையத்தின் ஓரத்தில் இருந்த கீறல்களைக் காட்டி, இதைத் திறந்தவனிடம் சரியான கருவி இல்லை என்றார். வில்லைகளை முன்னும் பின்னும் நகர்த்தும் குவிய மரைக்கு ஒன்றல்ல, பல தொடக்கங்கள் உண்டாம். பிரிக்கும்போது எந்த இடத்தில் கழன்றது என்று கோடு போட்டுக்கொள்ளாமல் பிரித்து, கோத்தபோது ஏதோ ஒரு தொடக்கத்தில் கோத்துவிட்டதால் வில்லைத் தொகுதி இருக்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போட்டிருந்த கிரீஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சைக்கிள் கடை கிரீஸ் என்றார். அதிலிருந்து கசிந்த எண்ணெய் துளைத் தகடுகளில் ஏற்கெனவே படரத் தொடங்கியிருந்தது. மரையைச் சரியாகக் கோத்து முடிவிலியை மீட்டுத் தந்ததற்கு 1,200 ரூபாய் வாங்கினார். முன்வில்லையைப் பற்றிக் கேட்டபோது, போன பூச்சைத் திரும்பக் கொண்டுவர என்னால் ஆகாது என்று கூறிவிட்டார். முடியாததை முடியாது என்று சொல்லும் ஒருவரை அந்த மாதத்தில் முதன்முதலாகச் சந்தித்தேன்.

ஆகவே, பழைய லென்ஸை நேரில் பார்க்காமல் வாங்க நேர்ந்தால், பூவும் பூனையும் போதாது. துளையை முழுதாகத் திறந்து தொலைவிலுள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ எடுத்த படம் ஒன்றை, எந்தக் கேமராவில் எந்த அடாப்டரில் எடுத்தது என்ற விவரத்துடன் கட்டாயம் கேளுங்கள். கார் எடுப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் கார் எப்போதும் எட்டு, பத்து மீட்டரில்தான் நிற்கும். குழல்விளக்கின் பிரதிபலிப்பு முன்வில்லையின் நடுவிலும் ஓரத்திலும் ஒரே நிறத்தில் விழுகிறதா என்பதை ஒரு சிறு காணொளியில் காட்டச் சொல்லுங்கள். அதே காணொளியில் குவிய வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுழற்றி, துளைத் தகடுகளைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. மறுப்பவரிடம் வாங்காதீர்கள். “சர்வீஸ் செய்தது” என்றால் யார் செய்தது, எதைப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். பிரிக்கப்படாத, கொஞ்சம் இறுக்கமாகச் சுழலும் லென்ஸ், தெரியாதவர் பிரித்துக் கோத்த லென்ஸைவிட எத்தனையோ மேல் என்பது என் இப்போதைய கருத்து. பொதியைத் திறக்கும்போதே காணொளி எடுங்கள். நான் எடுக்கவில்லை; அதனால், கோளாறு என் கையில் நடந்தது என்று அவர் சொல்வதற்கு இடம் கொடுத்துவிட்டேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பொருளே வராமல் பணம் மட்டும் பறிபோயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்திருக்க வேண்டும். என் கைக்குப் பொருள் வந்துவிட்டது, அது குறையுள்ள பொருள் என்பதால் நுகர்வோர் வழியே பொருத்தமாகத் தெரிந்தது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டாண்டு அவகாசமும் இருக்கிறது. அவர் எழுத்தில் தந்த உறுதிமொழிகள், அனுப்பிய படங்கள், பணம் செலுத்திய சான்று எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

வண்டி குறித்தபடி திங்கட்கிழமை பட்டறைக்குப் போனது. டிங்கரிடம் இரண்டு மாதம் காத்திருந்து நாங்கள் வாங்கிய நாள் அது. லென்ஸுக்காக அதைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழங்கை தேய்த்த அந்தக் கதவு விளிம்பையும், முகப்பு எழுத்துகளையும், முன்பக்கமாக மொத்தமாய்க் கவிழும் பானெட்டின் கொக்கிகளையும் அந்த லென்ஸ் ஒரு மீட்டருக்குள் நன்றாகவே எடுத்திருந்தது. முழு வண்டி தன் பழைய பச்சையில் நிற்கும் படமோ, கடைசி நேரத்தில் கைபேசியில் அவசரமாக எடுத்த ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் பின்சக்கரத்தின் மேல் ஒரு கிளையின் நிழல் விழுந்திருக்கிறது.