ஜப்பானின் எனோடென் ரயில் ஒருநாள் டிக்கெட்: அப்பச்சி, ஆத்தாவோடு போக ஏற்றதா?

காரைக்குடியில் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், சாப்பிட்டுக் கை கழுவும் முன்பே கேள்வி வந்துவிடுகிறது. "மகன் ஜப்பானுக்குக் கூப்பிடுறான் ஆச்சி. போனா எங்கெங்கே பார்க்கணும்? ஃபூஜி மலை டூர் போட்டுரலாமா?" போன வாரம் சித்தி வீட்டு வளவில் உட்கார்ந்து இதையே ஒரு மணி நேரம் பேசினேன். மறுநாள் தேவகோட்டையில் அயித்தை வீட்டிலும் அதே பேச்சு. எழுதிவைத்துவிட்டால் இனிக் கேட்பவர்களுக்கு அனுப்பிவிடலாம்.

நாங்கள் இருப்பது டோக்கியோவின் கிழக்குப் பக்கம், எடோகாவா வட்டாரத்தில் நிஷி-கசாய். இந்தியர்கள் அதிகம் இருக்கும் இடம். பருப்பு, புளி, சோனா மசூரி எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். அதனால் ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு வீட்டுச் சாப்பாட்டில் குறை இருக்காது. வாசலைத் தாண்டி வெளியே கூட்டிப்போகும் நாளில்தான் தலைவலி. அப்பச்சியும் ஆத்தாவும் (எங்கள் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும்) வந்திருந்தபோது முதலில் அந்த ஃபூஜி பஸ் டூருக்குத்தான் போனோம். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பஸ்ஸில் உட்கார்ந்தே பாதி நாள் போயிற்று. ஒவ்வோர் இடத்திலும் கொடியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஓட, பின்னால் நாங்கள் ஓட, ஆத்தா கழிப்பறையிலிருந்து வருவதற்குள் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மலை மேகத்துக்குள்ளேயே இருந்தது. கோடை காலத்தில் ஃபூஜி முகம் காட்டுவது அபூர்வம் என்று டிக்கெட் விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

அதற்கு அடுத்த வாரம் போனதுதான் எனோடென். காமாகுராவுக்கும் ஃபுஜிசாவாவுக்கும் நடுவே ஓடுகிற சின்ன ரயில். மொத்தமே 10 கிலோமீட்டர், 15 நிலையங்கள். 1902இல் ஓட ஆரம்பித்தது. பச்சையும் பாலாடை நிறமுமாக நாலு பெட்டி. ஒருநாள் டிக்கெட்டின் பெயர் நோரியோரிகுன். நிலையத்து மெஷினிலேயே வரும். நான் கடைசியாக வாங்கியபோது பெரியவர்களுக்கு 800 யென், சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி. அன்று முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம்.

காசுக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் ஊர்க்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மூன்று தடவை மட்டும் ஏறினால் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. நாலாவது தடவை ஏறினால்தான் லாபம் தெரியும். ஆனாலும் வாங்கச் சொல்கிறேன், ஏனென்றால் அப்பச்சியின் குணம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை கார்டைத் தட்டும்போதும் அவர் யென்னை ரூபாயாக்கிப் பார்ப்பார். ரூபாயாக்கிவிட்டால் அப்புறம் இறங்கமாட்டேன் என்பார். டிக்கெட் கையில் இருந்ததால் அன்றைக்கு அவரே, "இங்கே இறங்கித்தான் பார்ப்போமே, காசு குடுத்தாச்சுல்ல" என்று எங்களை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா லைனில் காமாகுராவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அந்தப் பயணம் இந்த டிக்கெட்டில் சேராது. காமாகுராவில் எனோடெனுக்கு மாறும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதலில் வீடுகளின் கொல்லைப்புறம் வழியாகப் போகும். காயப்போட்ட துணி, பூந்தொட்டி, சமையலறை ஜன்னல் எல்லாம் கையெட்டும் தூரத்தில். ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் துவைத்த சாக்ஸை ஒவ்வொன்றாகக் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்ததை ஆத்தா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். இனாமுராகசாகி தாண்டியதும் இடது பக்கம் முழுக்கக் கடல். கோஷிகோயேக்கும் எனோஷிமாவுக்கும் நடுவே தண்டவாளம் தெருவுக்கே வந்துவிடுகிறது. சாமி சப்பரம் தெருவில் வருவது மாதிரி ரயில் நடுத்தெருவில் வருகிறது, கார்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன. அப்பச்சிக்கு அன்றைக்குப் பிடித்ததில் அதுதான் முதலிடம்.

ஒற்றைத் தண்டவாளம் என்பதால் சுமார் 14 நிமிஷத்துக்கு ஒரு வண்டிதான். ஒன்றை விட்டால் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்ததைப் பிடிக்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த 14 நிமிஷம் ஒரு வரம்.

ஹாசே நிலையத்தில் இறங்கினால் பெரிய புத்தர் பத்து நிமிஷ நடை. 13ஆம் நூற்றாண்டு வெண்கலச் சிலை, பீடத்தைச் சேர்க்காமலே 11 மீட்டருக்கு மேல் உயரம். ஒரு காலத்தில் மேலே மண்டபம் இருந்தது. புயலும் வெள்ளமும் கொண்டுபோன பிறகு, சில நூறு வருடங்களாக வெயிலிலும் மழையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். சிலைக்குள்ளே போய்ப் பார்க்கவும் வழி உண்டு, அதற்குத் தனியாகச் சில்லறை. உள்ளே வார்ப்பு ஒட்டின இடங்கள் தெரியும். பித்தளை, வெண்கலப் பாத்திரங்களோடு வளர்ந்த நமக்கு அதைப் பார்க்க ஆசையாக இருக்கும். வாசல் குறுகல், உடம்பு கொஞ்சம் பெரியவர்கள் யோசித்துப் போங்கள்.

புத்தருக்கு முன்னால் அப்பச்சி ரொம்ப நேரம் நின்றார். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, ரங்கூனில் இருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட பிறகு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். செட்டிநாட்டில் பாதி வீடுகளில் இந்தக் கதை உண்டு. "எங்க அப்பச்சி இருந்திருந்தா என்னைய இந்த ஊருக்கு ஏரோப்பிளேன் ஏற விட்டிருக்க மாட்டாக" என்றார். அப்புறம், வெயில் ஏறுது, டீ எங்கே கிடைக்கும் என்றார். ஜப்பான் என்றால் அவருக்கு இரண்டுதான் தெரியும். ஒன்று அந்தக் குண்டு, இன்னொன்று எங்கள் முகப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் பூப்போட்ட டைல்ஸ். ஒட்டியது போக மிச்சம் சில இன்னும் இரண்டாம் கட்டு அறையில் கிடக்கின்றன, பின்பக்கம் ஜப்பான் என்று அச்சு இருக்கும். காமாகுராவின் கொமாச்சித் தெருக் கடைகளில் எந்தப் பீங்கானை எடுத்தாலும் அவர் திருப்பிப் பின்பக்கம்தான் பார்த்தார். கடைக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. விலை பார்க்கிறார் என்று நினைத்துக் கால்குலேட்டரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இந்தக் கடற்கரையின் பேர்போன சாப்பாடு ஷிராசு. மத்திச் சாதி மீனின் பொடிக் குஞ்சு, நம் நெத்திலியில் கால்வாசிகூட இருக்காது. வேகவைத்ததைச் சோற்றின் மேல் குவித்துத் தருவார்கள். பச்சையாகவும் தருவார்கள், ஆனால் ஜனவரி முதல் மார்ச் 10 வரை அதைப் பிடிக்கத் தடை, அந்த மாதங்களில் வேகவைத்ததுதான் கிடைக்கும். அப்பச்சி வேகவைத்ததைச் சாப்பிட்டார். ருசி இருக்கிறது, உறைப்பு இல்லை. இஞ்சித் துருவலும் சோயாவும் மட்டும் போதாமல், பையிலிருந்த எங்கள் வீட்டு மிளகாய்ப்பொடி டப்பாவை வெளியே எடுத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஆத்தாவுக்கு அன்று வெள்ளிக்கிழமை. சைவம். இங்கேதான் இந்தப் பயணத்தின் பெரிய ஓட்டை. எனோஷிமா தீவில் ஒரு கடையில் காய்கறி தெம்புரா உடோன் (மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி போட்ட நூடுல்ஸ் சூப்) என்று படத்தோடு போட்டிருந்தார்கள். கேட்டதற்கும் மீன் இல்லை என்றுதான் சொன்னார்கள். மீன் துண்டு இல்லைதான். கிண்ணத்தைக் கிட்டே கொண்டுவந்ததும் ஆத்தா மூக்கைத் திருப்பிக்கொண்டார். சாறே கருவாட்டுத் துருவலில் இறக்கியது. ஜப்பானில் மீன் சேர்க்கவில்லை என்று ஒருவர் சொன்னால், கண்ணுக்குத் தெரிகிற மீன் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிப் போனில் வைத்துக்கொண்டு, ஆர்டர் சொல்லும் முன்பே காட்டிவிடுவது நல்லது.

இதற்கு காமாகுராவிலேயே ஒரு வழி இருக்கிறது, கெஞ்சின்-ஜிரு என்ற சூப். 1253இல் கட்டிய கெஞ்சோ-ஜி மடத்துச் சமையலிலிருந்து வந்தது என்பார்கள். முள்ளங்கி, காரட், சேம்பு, டோஃபு இவற்றை எள்ளெண்ணெயில் வதக்கிக் கொதிக்கவைப்பது. மடத்து முறையில் கடல்பாசியும் காளானும்தான் சாறுக்கு. எள்ளை வறுத்து ஆட்டிய எண்ணெய் என்பதால் வாசனை நம் நல்லெண்ணெயைவிடத் தூக்கலாக இருக்கும். ஆத்தா ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. இதையும் மீன் சாற்றில் செய்கிற கடைகள் உண்டு, அந்தப் போன் சீட்டை இங்கேயும் காட்டித்தான் ஆகவேண்டும்.

கட்டுச்சோறு கொண்டுபோகலாமா என்று சித்தி கேட்டார். தாராளமாக. நாங்களும் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கொண்டுபோனோம். ஆனால் எனோடெனுக்குள் பிரிக்காதீர்கள், உள்ளூர் ரயிலில் உட்கார்ந்து சாப்பிடுவதை அங்கே அநாகரிகமாகப் பார்ப்பார்கள். கடற்கரையில் பிரித்தால் பருந்து வரும். எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். மாமியார் கொடுத்தனுப்பிய தேன்குழலில் ஒன்று அப்பச்சியின் விரலிலிருந்து அப்படியே பறந்துபோயிற்று. பின்பக்கம் சுவரோ கூரையோ இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். குப்பைத்தொட்டி தேடாதீர்கள், கிடைக்காது. இலை, கவர் எல்லாம் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

எனோஷிமா நிலையத்திலிருந்து தீவுக்குப் பாலம் வழியாகப் போகவேண்டும், பெரியவர்கள் நடையில் இருபது நிமிஷத்துக்குக் குறையாது. மேலே கோவில், படிகள் ஏராளம். இதற்காக 1959லேயே எஸ்கலேட்டர் போட்டிருக்கிறார்கள், தனிக் கட்டணம், நோரியோரிகுன் செல்லாது. ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஏறத்தான் எஸ்கலேட்டர், இறங்க இல்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கு இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கொடுமை என்பது அதைப் போட்டவர்களுக்குத் தோன்றவே இல்லைபோல. ஆத்தா ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்கியதில் அரை மணி போயிற்று.

ஆனாலும் ஏறத்தான் வேண்டும், அங்கே இருப்பது பென்சைட்டன். நம் சரஸ்வதிதான், பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போனவள். எட்டுக் கையோடு ஒரு சிலை, பீவா என்ற தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு வெள்ளை மேனியாக இன்னொன்று. இரண்டாவதற்கு உடையே இல்லை. பெரியவர்களிடம் முன்பே சொல்லிக் கூட்டிப்போனால் சங்கடம் இல்லை. ஆத்தா எட்டுக் கையம்மன் முன்னால் மட்டும் நின்று, பேரப்பிள்ளைகள் படிப்புக்கு வேண்டிக்கொண்டு, திருநீறு தருவார்களா என்று கேட்டார். தரமாட்டார்கள். உண்டியல் இருக்கிறது.

கூட்டம் பற்றியும் சொல்லவேண்டும். சனி, ஞாயிறு போகவே போகாதீர்கள். காமாகுராகோகோமாயே நிலையத்து லெவல் கிராசிங்கில் ஏதோ கார்ட்டூனில் வந்த காட்சி என்று உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்கிறார்கள், அங்கே இறங்கவே வேண்டாம். ஜூனில் ஹாசே-தேராக் கோவிலில் ஹைட்ரேஞ்சியாப் பூ, அழகுதான், ஆனால் மழையும் வரிசையும் சேர்ந்துவரும். ஏப்ரல் கடைசி, மே முதல் வார விடுமுறையில் நெரிசல் தாங்காமல், பாதையோரம் குடியிருப்பவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து முதலில் உள்ளே விட்ட வருடங்களும் உண்டு. நவம்பர், டிசம்பரில் ஒரு செவ்வாய், புதன் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் ஷிச்சிரிகஹாமா பக்கம் கடலுக்கு மேலே ஃபூஜியும் தெரியும், பஸ் டூர்க் காசு மிச்சம்.

மதிப்பெண் கேட்டால், டிக்கெட்டுக்கு 5க்கு 4. சைவச் சாப்பாட்டுக்கு 2, அதுவும் கெஞ்சின்-ஜிருவுக்காக.

அயித்தை கேட்ட கேள்வி ஒன்று பாக்கி: மாமாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போகலாமா? ரயிலுக்குக் கவலையில்லை, ஆளிடம் சொன்னால் பலகை கொண்டுவந்து பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே போட்டு ஏற்றிவிடுவார்கள், இறங்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிடுவார்கள். புத்தரைப் பார்த்துவிடலாம், தீவுப் பாலமும் தாண்டிவிடலாம். மேல் கோவிலுக்கு வழியில்லை, மாமா கீழே கடைத்தெருவில் இருக்க, அயித்தை மட்டும் எஸ்கலேட்டரில் போய்க் கும்பிட்டு வரட்டும்.