நெப்ராஸ்கா: பொறுப்பதா, துரத்துவதா, ஆளை வாங்குவதா?

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி 2025 சீசனையும் 7 வெற்றி, 6 தோல்வி என்றே முடித்தது. அதற்கு முந்தைய ஆண்டும் அதே கணக்குதான். நவம்பர் கடைசியில் சொந்த மைதானத்தில் அயோவாவிடம் 40-16 என்று தோற்ற அன்றே பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிட்டது. பயிற்சியாளர் மாட் ரூலை இன்னும் பொறுத்துக்கொள்வதா, நஷ்டஈடு கொடுத்து அனுப்பிவிடுவதா, அல்லது யார் பயிற்சியாளராக இருந்தாலும் பிற கல்லூரிகளிலிருந்து வீரர்களை அள்ளிவந்து அணியையே புதிதாக்குவதா?

முட்டை வடிவப் பந்தை ஏந்திக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்து இது. ஒரு கல்லூரி அணிக்கு இவ்வளவு விவாதமா என்று கேட்பவர்களுக்கு ஊரின் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 20 லட்சம். பெரிய தொழில்முறை அணி ஒன்றுகூட அங்கே கிடையாது. லிங்கன் நகரத்தின் மெமோரியல் மைதானத்தில் 80,000க்கும் மேற்பட்டோர் உட்காரலாம். 1962 நவம்பரிலிருந்து இன்றுவரை எல்லா ஆட்டங்களுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்ததாகவே அதிகாரபூர்வக் கணக்கு சொல்கிறது. 1970, 1971, 1994, 1995, 1997 என ஐந்து தேசிய சாம்பியன் பட்டங்கள். டாம் ஆஸ்பர்ன் பயிற்சியாளராக இருந்த 25 சீசன்களில் ஒன்றில்கூட அணி 9 வெற்றிக்குக் குறைந்ததில்லை. ஆறு வெற்றி பெற்றாலே சீசன் முடிவில் ஒரு பௌல் ஆட்டத்துக்குத் தகுதி கிடைத்துவிடும் என்பதால் வேறு பல ஊர்களில் 7-6 என்றால் பெருமூச்சு விட்டுக்கொள்வார்கள். ஆஸ்பர்ன் காலத்தைக் கண்ணால் பார்த்த லிங்கன்வாசிக்கு அது கௌரவப் பிரச்சினை.

மூன்று வழிகளுக்கும் சமீபத்திய உதாரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி நெப்ராஸ்காவின் சொந்த வரலாற்றிலேயே கிடைக்கின்றன.

துரத்துவது

இந்த வழியை நெப்ராஸ்கா அளவுக்கு ஆசையோடு சோதித்துப் பார்த்த அணி குறைவு. 2003இல் ஃபிராங்க் சோலிச் 9 ஆட்டங்களில் வென்று 3இல் தோற்றிருந்த நிலையில் வேலையை இழந்தார். அடுத்து வந்த பில் கேலஹன் நான்கு ஆண்டுகளில் வெளியேறினார். போ பெலினி 2008 முதல் 2014 வரை ஆண்டுதோறும் 9 அல்லது 10 வெற்றி கொடுத்தார். ஆண்டுதோறும் நான்கு தோல்வியும் கொடுத்தார். “நான்கு தோல்வியைத் தாண்டி முன்னேறமாட்டார்” என்று அவரையும் அனுப்பினார்கள். அவருக்குப் பின் வந்த மைக் ரைலி மூன்று ஆண்டுகளில் 19 வெற்றி, 19 தோல்வி. அதற்கும் பின் வந்த ஸ்காட் ஃப்ராஸ்ட் 16 வெற்றி, 31 தோல்வி. பெலினியின் நான்கு தோல்விகளை இன்று யாராவது தட்டில் வைத்து நீட்டினால் லிங்கனில் இரு கைகளாலும் வாங்கிக்கொள்வார்கள்.

பணமும் சின்ன விஷயமல்ல. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை அனுப்புவதற்கு ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். ஒருவர் வேலை செய்யாமலிருப்பதற்கு இவ்வளவு!

ஆனால் துரத்தியே பிழைத்த அணியும் இருக்கிறது, அதுவும் நெப்ராஸ்கா ஆடும் இதே பிக் டென் தொகுதியில். 2023இல் 3-9 என்று முடித்த இந்தியானா, டாம் ஆலனை அனுப்பிவிட்டு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டியை அழைத்துவந்தது. அப்போது அவருக்கு வயது 62. அடுத்த சீசனே 11-2. அதற்கடுத்த சீசன் 16-0, தேசிய சாம்பியன். கல்லூரிக் கால்பந்தில் மிக அதிகத் தோல்விகளைச் சேர்த்துவைத்திருந்த அணிகளில் ஒன்று இது என்பதை நினைத்தால் இன்னமும் நம்ப முடியவில்லை.

இந்தியானாவைக் காட்டி “பார், துரத்தினால் இப்படித்தான்” என்று வாதிடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஆலனின் கடைசி மூன்று சீசன்கள் 2-10, 4-8, 3-9. அங்கே இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. சோலிச்சையும் பெலினியையும் அனுப்பியபோது நெப்ராஸ்காவிடம் இழக்க நிறையவே இருந்தது.

பொறுப்பது

பொறுமைக் கட்சியின் தலைச்சான் உதாரணம் மிச்சிகன். கொரோனா ஆண்டான 2020இல் ஜிம் ஹார்பா தலைமையில் அந்த அணி 2-4 என்று முடித்தது. பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டை அவர் அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. ரசிகர்களில் பெரும்பகுதி அவரை வழியனுப்பத் தயாராகிவிட்டது. பல்கலைக்கழகமோ அவர் சம்பளத்தை ஏறத்தாழ 80 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சமாகக் குறைத்து ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. அவரும் தற்காப்புப் பயிற்சியாளர் உட்பட உதவியாளர்களை மாற்றினார். 2021இல் ஒஹாயோ ஸ்டேட் 42-27 என்று வீழ்ந்தது. 2023இல் 15-0 என்று மிச்சிகன் தேசிய சாம்பியன் ஆனது. எதிரணிகளின் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் படம்பிடித்த விவகாரம் அந்தப் பட்டத்தின்மேல் கறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது ஃப்ராஸ்ட். 1997 சாம்பியன் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்), மண்ணின் மைந்தன், 2017இல் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியை 13-0க்கு அழைத்துச்சென்றவர். 2021இல் அவருடைய அணி 3-9. ஒன்பது தோல்வியும் 9 புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் வந்தவை. ஒரு சீசன் முழுக்க இப்படி நூலிழையில் தோற்பதற்கே ஒரு தனித்திறமை வேண்டும். ரசிகர்களில் ஒரு சாரார் “துரதிர்ஷ்டம்தான், அடுத்த ஆண்டு திரும்பிவிடும்” என்றார்கள். நிர்வாகமும் அப்படியே நம்பியது. அவர் சம்பளத்தை 50 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சமாகக் குறைத்தது. அவர் தாக்குதல் பிரிவின் நான்கு உதவியாளர்களை நீக்கினார்.

கவனியுங்கள்: மிச்சிகன் செய்ததும் நெப்ராஸ்கா செய்ததும் ஏறக்குறைய ஒரே வைத்தியம். சம்பள வெட்டு, உதவியாளர் மாற்றம், இன்னொரு வாய்ப்பு. அங்கே நோயாளி எழுந்து ஓடினார். இங்கே 2022இன் முதல் ஆட்டத்திலேயே, அயர்லாந்தின் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 11 புள்ளி முன்னிலையில் இருந்தபோது, யாரும் கேட்காத ஓர் ஆன்சைட் கிக்கை (பந்தைக் கொஞ்ச தூரமே உதைத்துத் தாங்களே பிடிக்கப் பார்ப்பது) ஃப்ராஸ்ட் அடிக்கச் சொன்னார். பந்து எதிரணிக்குப் போனது, ஆட்டமும் 31-28 என்று போனது. இரண்டு வாரம் கழித்துச் சொந்த மண்ணில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42. மறுநாள் வேலை போயிற்று. அக்டோபர் 1 வரை காத்திருந்தால் நஷ்டஈடு 1.5 கோடி டாலரிலிருந்து 75 லட்சமாகப் பாதியாகியிருக்கும். அதுவரைக்கும்கூட நிர்வாகத்துக்குப் பொறுமை இல்லை.

வைத்தியம் ஒன்றாக இருந்தும் விளைவு வேறானது ஏன்? ஹார்பா 2020க்கு முன் மிச்சிகனில் மூன்று சீசன்களில் தலா 10 வெற்றி கண்டவர். ஃப்ராஸ்டின் நெப்ராஸ்கா கணக்கு 4-8, 5-7, 3-5, 3-9. ஒரு சீசனில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகமில்லை. மிச்சிகன் பொறுத்துக்கொண்டது அங்கேயே வென்று காட்டிய ஒருவரை. நெப்ராஸ்கா பொறுத்துக்கொண்டது ஒரு பழைய குவார்ட்டர்பேக்கின் நினைவை. ஒரு பயிற்சியாளருக்கு இன்னோர் ஆண்டு கொடுக்கலாமா என்று கேட்கும்போது, அவர் வேறெங்கோ சாதித்ததையும் நெருங்கித் தோற்றதையும் ஓரமாக வைத்துவிட்டு, இங்கே, இந்தச் சட்டையில், எப்போதாவது நன்றாக ஆடவைத்திருக்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஆளை வாங்குவது

கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதிந்துகொள்ளும் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018இல் வந்தது. 2021இல் மாணவர்கள் ஒரு வருடம் வெளியே உட்காராமலே கல்லூரி மாறலாம் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழகமே தன் வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். பள்ளி முடித்துவரும் பையனை நான்கு ஆண்டு வளர்த்து ஆளாக்கும் பழைய முறைக்கு இது சாவுமணி என்கிறார்கள் சிலர். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். இந்த வழியில் இரண்டு விதம் உண்டு, இரண்டையும் நெப்ராஸ்கா எதிரணியாக நின்று அனுபவித்திருக்கிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

முதல் விதம் கொலராடோ. 2022இல் 1-11 என்று கிடந்த அணிக்கு முன்னாள் நட்சத்திர வீரர் டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக வந்தார், இருந்த வீரர்களிடம் போர்ட்டலைக் காட்டினார், கிட்டத்தட்ட மொத்த அணியையும் மாற்றினார். 2023இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தை 45-42 என்று வென்று நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தார். மறுவாரம் நெப்ராஸ்காவை 36-14 என்று அடித்தார். அந்த வாரம் லிங்கனில் பலருக்கும் “நாமும் இப்படிச் செய்திருக்கலாமே” என்ற ஏக்கம் வந்திருக்கும். சீசன் முடிவில் கொலராடோ 4-8. வேகமான கால்களை வாங்கியவர்கள், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையைச் சரியாக வாங்கவில்லை. டியானின் மகனும் அணியின் குவார்ட்டர்பேக்குமான ஷெடூர் சாண்டர்ஸ் அந்த ஒரே சீசனில் 52 முறை பந்தோடு தரையில் சாய்க்கப்பட்டார். 2024இல் டிராவிஸ் ஹண்டர், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற, அணி 9-4 என உயர்ந்தது. அந்த ஆண்டிலும் நெப்ராஸ்கா அவர்களை 28-10 என்று வென்றது. நட்சத்திரங்கள் இருவரும் தொழில்முறைக்குப் போன பிறகு, 2025இல் 3-9. சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறார்கள்.

இரண்டாவது விதம், மறுபடி இந்தியானா. சிக்னெட்டி தன்னோடு ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்களை அழைத்துவந்தார். அவர்களை அவருக்குத் தெரியும், அவருடைய முறை அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களைத் தேர்ந்தெடுத்தபோதும், பள்ளிக்காலத்தில் எத்தனை நட்சத்திர மதிப்பெண் வாங்கியவர் என்று பார்க்காமல், கல்லூரிக் களத்தில் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தார். 2024 அக்டோபரில் நெப்ராஸ்கா 5-1 என்ற தெம்போடு அங்கே போய் 56-7 என்று அடிவாங்கித் திரும்பியது. நெப்ராஸ்காவின் பெயர் பெற்ற இளம் குவார்ட்டர்பேக் டிலன் ராயோலா ஒரு பக்கம். பெரிய அணிகள் திரும்பிப் பார்க்காத, வயதிலும் அனுபவத்திலும் மூத்த வீரர்கள் மறு பக்கம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறிவந்த குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா அடுத்த ஆண்டு இந்தியானாவுக்கு ஹைஸ்மன் விருதையும் வாங்கித்தந்தார்.

ஆக, “போர்ட்டல் வேலை செய்கிறதா?” என்பது பயனற்ற கேள்வி. யாரை, எந்த இடத்துக்கு, யாருடைய முறைக்காக என்று கேட்டால்தான் பதில் கிடைக்கிறது.

ரூல் என்ன செய்வார்?

2022 நவம்பரில் 8 ஆண்டு, 7.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ரூல் வந்தபோது, அவருடைய “மூன்றாம் ஆண்டு” கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். அவர் முன்பு பயிற்சி கொடுத்த இரண்டு பல்கலைக்கழகங்களின் முதல் மூன்று ஆண்டுகள் இவை. டெம்பிள்: 2-10, 6-6, 10-4. பெய்லர்: 1-11, 7-6, 11-3. மெல்ல வளர்த்து மூன்றாம் ஆண்டில் அறுவடை. நெப்ராஸ்காவில் 5-7, 7-6, பிறகு மூன்றாம் ஆண்டும் 7-6. பழைய இரண்டு அறுவடைகளும், உட்காராமலே கல்லூரி மாறும் சுதந்திரமும் பணமும் வருவதற்கு முன் நடந்தவை. அன்று விதைத்த பயிர் அதே வயலில் நின்றது. இன்று நிற்காது. 2025 நவம்பர் முதல் தேதி தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துடன் மோதியபோது காலெலும்பு முறிந்த ராயோலா, சீசன் முடிந்ததும் ஓரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

நான் வைத்த சோதனையை ரூலுக்கும் வைத்துப் பார்க்கிறேன். நியாயமாகச் சொன்னால் அவர் ஃப்ராஸ்ட் அல்ல. 2016க்குப் பிறகு பௌல் ஆட்டத்தையே பார்க்காத ஊருக்கு 2024இல் பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்று ஒரு பௌல் வெற்றி கொண்டுவந்தார். தொடர்ந்து இரண்டு சீசன்கள் தோல்வியைவிட வெற்றி அதிகம். ஆனால் ஹார்பாவும் அல்ல. நாட்டின் முதல் 25 அணிகளின் தரவரிசையில் உள்ள ஓர் அணியை நெப்ராஸ்கா கடைசியாக வென்றது 2016இல். ரூலின் மூன்று சீசன்களும் அதை மாற்றவில்லை. நவம்பர் மாதக் கணக்கு இன்னும் மோசம்: மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து 2 வெற்றி, 10 தோல்வி. 2023, 2024 இரண்டிலும் அயோவாவிடம் கடைசி நொடி ஃபீல்டு கோலில் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) 13-10 என்று தோற்றபோது “துரதிர்ஷ்டம்” என்ற பழைய சமாதானம் மறுபடி காதில் விழுந்தது. 2025இன் 40-16க்கு அந்தச் சமாதானமும் பொருந்தவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இப்போதைக்குத் துரத்தக்கூடாது என்பதே என் கட்சி. 2025 அக்டோபர் இறுதியில், பென் ஸ்டேட் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பேச்சு பலமாக இருந்த நேரத்தில், நிர்வாகம் அவர் ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டியது. அவசரப்பட்ட நீட்டிப்பு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட்ட மை காயும் முன் கிழிப்பது அதைவிடச் செலவு பிடித்த அவசரம். அந்தப் பணத்தை மூத்த, அனுபவமுள்ள முன்வரிசை வீரர்களுக்குக் கொடுப்பது மேல். நெப்ராஸ்காவைப் பல ஆண்டுகளாக வாட்டுவது அங்கேதான். நவம்பர் குளிரில் தரையோடு தள்ளிக்கொண்டு ஓட முடியாத அணி பிக் டென்னில் தேறாது. பதினெட்டு வயது நட்சத்திரக் குவார்ட்டர்பேக் மீண்டும் ஒருவர் கிடைத்தால் கொண்டாட்டம் நடக்கும், ஆனால் இரண்டாண்டில் அவரும் வேறு கல்லூரிக்குப் போகலாம்.

பொறுமைக்கு ஒரு எல்லையையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். 2026இல் ஏழு வெற்றியா எட்டு வெற்றியா என்று நான் எண்ணப்போவதில்லை. தரவரிசையில் உள்ள ஓர் அணியையாவது வென்றிருக்க வேண்டும், நவம்பரில் தோற்றதைவிட அதிகம் வென்றிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுகூட நடக்கவில்லையென்றால், அப்போது நான் துரத்துகிற கட்சியில் சேர்ந்துகொள்வேன்; நஷ்டஈட்டுத் தொகையைக் காட்டி யாரும் என்னைத் தடுக்க வேண்டாம்.