ஜாங்கோ செட்டிங்ஸ்: கோடிலா, என்விரான்மென்ட்டிலா, டேட்டாபேஸிலா?

பைதான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் புது ப்ராஜெக்ட் தொடங்கினால், அமைப்புகளை எழுதிவைக்கும் செட்டிங்ஸ் கோப்பு தானாகவே வந்துவிடும். சீக்ரெட் கீ (லாகின் போன்றவற்றைக் காக்கும் ரகசியச் சாவி), டீபக் (பிழை விவரங்களைத் திரையில் காட்டும் சுவிட்ச்) எல்லாம் அதிலேயே இருப்பதால், மற்றதையும் அங்கேயே எழுதத்தான் கை போகும்.

அதில் நன்மையும் உண்டு. யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பது, கோடின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கருவியான கிட்டில் பதிவாகும். இன்னொருவர் ரிவ்யூ செய்யலாம். மிடில்வேர் (ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து செல்லும் இடைப்பகுதிகள்) வரிசை, ஆப்களின் பட்டியல் போன்றவை எந்த சர்வரிலும் ஒன்றுதான், அவை கோடிலேயே இருக்கட்டும். ஆனால் பாஸ்வேர்டு ஒருமுறை கமிட் ஆகிவிட்டால், அதாவது கிட்டில் பதிவாகிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழையதில் அப்படியே கிடக்கும். ரெப்போவை (கிட்டில் உள்ள கோடின் முழுத் தொகுப்பை) க்ளோன் செய்த எல்லோரிடமும் ஒரு நகல் இருக்கும். அப்புறம் பாஸ்வேர்டையே மாற்றுவதுதான் வழி. சீக்ரெட் கீ என்றால் இன்னும் சிரமம்: சட்டென்று மாற்றினால் லாகினில் இருப்பவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். பழைய கீயையும் கொஞ்ச காலம் ஏற்கும் வசதி ஜாங்கோ 4.1-இல்தான் வந்தது.

இதற்கு மாற்று என்விரான்மென்ட் வேரியபிள்: கோடுக்கு வெளியே, அந்தந்த சர்வரில் வைக்கும் மதிப்பு. ஆப்களை இணையத்தில் ஓட்டித் தரும் ஹெரோக்கு நிறுவனத்தின் பொறியாளர்கள் வகுத்த 'ட்வெல்வ் ஃபேக்டர்' நெறிகள் இதைத்தான் சொல்கின்றன. அவர்கள் தரும் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும்: உங்கள் கோடை இந்த நிமிடமே ஓப்பன் சோர்ஸ் ஆக்கினால் ஏதாவது ரகசியம் வெளியே போகுமா?

ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. நான் விழுந்திருக்கிறேன். சர்வரில் டீபக்கை 'ஃபால்ஸ்' என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மறுநாள் ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் ஜாங்கோவின் மஞ்சள் நிறப் பிழைப் பக்கம், கோடில் எங்கே பிழை என்று காட்டும் ட்ரேஸ்பேக்கோடு. என்விரான்மென்ட்டிலிருந்து வருவதெல்லாம் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர். காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் பைதானுக்கு 'ட்ரூ'தான், 'ஃபால்ஸ்' என்ற சொல் உட்பட. அன்றிலிருந்து ஜாங்கோ-என்விரான் போன்ற லைப்ரரி மூலம் வகை மாற்றித்தான் படிக்கிறேன். கட்டாயமான மதிப்பு இல்லையென்றால் ஆப் தொடங்கும்போதே நின்றுவிட வேண்டும். டீஃபால்ட் கொடுத்து ஓட்டுவது ஆபத்து.

மூன்றாவது வழி டேட்டாபேஸ். செட்டிங்ஸை அதன் டேபிளில் வைத்தால், டெப்ளாய் செய்யாமல் (கோடை மறுபடி சர்வரில் ஏற்றாமல்) அட்மின் திரையிலேயே மாற்றலாம். டெலிவரி கட்டணம், அறிவிப்பு வாசகம் போன்றவற்றுக்கு அது சரி. டேட்டாபேஸின் முகவரியையே அதற்குள் வைக்க முடியாது. கேஷ் (படித்ததை நினைவில் வைக்கும் தற்காலிகச் சேமிப்பு) இல்லாவிட்டால் படிக்கும்போதெல்லாம் டேட்டாபேஸுக்கு ஒரு குவெரி கூடும்.

என் தேர்வு: சர்வருக்கு சர்வர் மாறுவதும் ரகசியமும் என்விரான்மென்ட்டில், டெலிவரி கட்டணம் போலக் கடை நடத்துபவரே மாற்றுவது டேபிளில், மற்றதெல்லாம் கோடில். மதிப்பில்லாமல் பெயர்கள் மட்டும் கொண்ட மாதிரிக் கோப்பு ஒன்றையும் கிட்டில் வையுங்கள். புதிதாகச் சேர்பவர் எதையெல்லாம் நிரப்ப வேண்டும் என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்வார்.