பைபைண்ட்11: சி++ லைப்ரரியைப் பைதானிலிருந்து கூப்பிட நல்ல வழி, ஆனால் பாயிண்டரில் கவனம்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கும் பழகிய நிலைமைதான்: கனமான கணக்கெல்லாம் பழைய சி++ லைப்ரரியில், மேலே எழுதுவது பைதானில். இரண்டையும் இணைக்க நான் முதலில் சொல்வது பைபைண்ட்11. வென்ஸல் யாக்கோப் 2015இல் தொடங்கியது. இதே வேலைக்கான பழைய கருவியான பூஸ்ட் பைதானின் பாணிதான், ஆனால் பூஸ்ட் என்ற பெரிய சி++ லைப்ரரித் தொகுப்பு முழுவதையும் சுமக்க வேண்டாம். வெறும் ஹெடர் ஃபைல்கள். பிப்பில் இன்ஸ்டால் செய்து, மாட்யூல் மேக்ரோவுக்குள் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு டெஃப் வரி எழுதினால் போதும். மேக்ரோவில் கொடுக்கும் பெயரும் கம்பைல் செய்து கிடைக்கும் எஸ்ஓ (.so) ஃபைலின் பெயரும் வேறுபட்டால் இம்போர்ட்டிலேயே நின்றுவிடும், அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல், ஆப்ஜெக்ட் யாருக்குச் சொந்தம் என்பது. ஃபங்ஷன் வெறும் பாயிண்டரை, அதாவது நினைவக முகவரியை, திருப்பினால், 'இனி இது என்னுடையது' என்று பைதான் எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் டிலீட் செய்யும். லைப்ரரியும் அதே நினைவகத்தை விடுவிக்கும்போது புரோகிராம் விழும். கூப்பிட்ட வரியில் விழாது, எப்போதோ எங்கேயோ விழும். அதனால்தான் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகிறது. தாய் ஆப்ஜெக்டின் உள்ளே இருப்பதைத் திருப்பினால் 'ரெஃபரன்ஸ் இன்டர்னல்' என்ற ரிட்டர்ன் பாலிசியைக் கட்டாயம் எழுதுங்கள். பிள்ளை உயிரோடு இருக்கும்வரை தாயையும் அது பிடித்து வைத்திருக்கும்.

அடுத்தது காப்பி. பைபைண்ட்11இன் எஸ்டிஎல் ஹெடரைச் சேர்த்தால் பைதான் லிஸ்ட் தானாக சி++ வெக்டர் ஆகும், வசதிதான். ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் முழுக்க நகலெடுக்கிறது. ஒரு கோடி டபுள் எண்கள் சி++இல் 80 எம்பி. பைதான் லிஸ்டில் அதுவே ஏறக்குறைய 320 எம்பி. க்ளாஸில் உள்ள வெக்டரில் பைதானிலிருந்து அப்பெண்ட் செய்தால் நகலில்தான் சேரும், மூலத்தில் சேராது. எண்களுக்கு நம்பை (NumPy) லைப்ரரியின் அர்ரேயே சரி. அதிலும் டபுள் கேட்கும் ஃபங்ஷனுக்கு ஃப்ளோட்32 அர்ரே கொடுத்தால் சத்தமில்லாமல் மாற்றி, நகலைத்தான் உள்ளே தரும். அதில் எழுதிய விடை உங்கள் அர்ரேக்கு வந்து சேராது. ஆர்க்யூமெண்டில் 'நோகன்வெர்ட்' போட்டால் டைப் எரர் வரும். அது வருவதே நல்லது.

நீண்ட கணக்கு ஓடும்போது மற்ற பைதான் த்ரெட்கள் உறைந்து நிற்கும், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை மட்டும் பைதானை ஓட்டவிடும் பூட்டான ஜிஐஎல்லை (GIL) பைபைண்ட்11 தானாக விடாது. டெஃப் வரியில் கால் கார்டாக (call_guard) 'கில் ஸ்கோப்ட் ரிலீஸ்' (gil_scoped_release) கொடுங்கள். அந்த நேரத்தில் பைதான் ஆப்ஜெக்டைத் தொடக்கூடாது.

நாலைந்து சி ஃபங்ஷன்களுக்கு இதெல்லாம் வேண்டாம், பைதானோடு வரும் சிடைப்ஸ் போதும். ஆனால் ஃபங்ஷன் எந்த வகையைத் திருப்பும் என்று சொல்லும் ரெஸ்டைப் எழுத மறந்தால் திரும்பி வருவதை இன்ட் என்று எடுத்துக்கொண்டு 64 பிட் பாயிண்டரைப் பாதியாக வெட்டிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள், கம்பைலரில் சி++17 இருந்தால், அதே ஆசிரியரின் நானோபைண்டைப் பாருங்கள்: கம்பைல் வேகம், பைனரி சிறியது, பைதான் 3.12 முதல் ஒரே வீல் (பிப் இன்ஸ்டால் செய்யும் பேக்கேஜ் ஃபைல்) பல பதிப்புகளில் ஓடும்படி கட்டலாம். பைபைண்ட்11இல் 3.10க்குக் கட்டியது 3.11இல் இம்போர்ட் ஆகாது.

உபுண்டு 22.04 லேப்டாப்பில் கட்டியதை அப்படியே பழைய சர்வருக்கு அனுப்பாதீர்கள். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி (glibc) லேப்டாப்பில் 2.35, அங்கே அதைவிடப் பழையது என்றால் லோடே ஆகாமல் போகலாம். பல லினக்ஸ்களிலும் ஓடும் வீல் கட்டுவதற்கான மெனிலினக்ஸ்2014 டாக்கர் இமேஜில், அதாவது ஜிலிப்சி 2.17இல், கட்டி, தேவையான லைப்ரரிகளை வீலுக்குள் சேர்க்கும் ஆடிட்வீல் ரிப்பேர் கட்டளையை ஓட்டிய பிறகே அனுப்புங்கள்.