குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு குழந்தை: மதுரையில் கிடைத்த நல்ல ஆலோசனை

என் தங்கைக்கு 33 வயது. இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவள். கணவர் இறந்து, இப்போது மறுமணம் ஆகியிருக்கிறது. இருவருக்கும் இன்னொரு குழந்தை ஆசை. கட்டிய கருக்குழாயைத் திரும்ப இணைப்பதா, நேராக ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்து, லேபில் கருவாக்கி, கருப்பையில் வைக்கும் சிகிச்சை) போவதா என்று கேட்கத்தான் அண்ணா நகர்ப் பக்கம் இருக்கும் இந்த மருத்துவமனைக்கு அவளை அழைத்துப் போனேன்.

முன்பு போன வேறோர் இடத்தில், உட்கார்ந்ததுமே ஐ.வி.எஃப். பேக்கேஜ் விலைப் பட்டியலை நீட்டினார்கள். இங்கே டாக்டரம்மா முதலில் கேட்டது பழைய டிஸ்சார்ஜ் கார்டை. குழாயில் துண்டு வெட்டிக் கட்டினார்களா, வளையம் போட்டார்களா, கரண்ட் வைத்துச் சுட்டார்களா என்று பார்த்தார். வளையம் என்றால் சேதம் குறைவு, சுட்டிருந்தால் அதிகம். இணைத்த பிறகு குழாய் நாலு சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சினால் நம்பிக்கையோடு செய்யலாம் என்றார்.

அப்புறம் மாப்பிள்ளைக்கு விந்துப் பரிசோதனை, தங்கைக்கு முட்டை கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை, இந்த ரிசல்ட் வராமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். விந்தணு ரொம்பக் குறைவாக இருந்தால் குழாயை இணைத்தும் பயனில்லை. வயது நாற்பதை நெருங்கிவிட்டால், இணைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரமிருக்காது. அந்த இரண்டு நிலையிலும் ஐ.வி.எஃப்.தான் சரி என்றார்.

பாதகத்தையும் மறைக்கவில்லை. இணைத்த குழாயிலேயே கரு தங்கிவிடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதனால் நாள் தள்ளினால் உடனே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று வந்துவிட வேண்டும், "வலி வரட்டும்னு காத்திருக்காதேம்மா" என்று தங்கை கையைப் பிடித்துச் சொன்னார். ஐ.வி.எஃப்.பில் குழாயின் தயவே வேண்டாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, கரு தங்காவிட்டால் மறுபடி செலவு. இணைப்பு பலித்தால் ஒவ்வொரு மாதமும் ஒரு வாய்ப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு இதே ஆபரேஷனை இலவசமாகச் செய்துதர அரசு ஏற்பாடு செய்ததைச் சொல்லி, "செலவு கஷ்டம்னா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் விசாரிங்க" என்றார். ஒரு தனியார் மருத்துவமனை டாக்டர் இப்படிச் சொல்வது சாதாரண விஷயமா?

இருவர் ரிசல்ட்டும் நன்றாக இருந்ததால் ஆபரேஷனையே தேர்ந்தெடுத்தோம். முதலில் லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியாக விடும் கேமரா) வைத்துப் பார்த்தார்கள். வலது குழாய் இணைக்க முடிந்தது, இடது மிகவும் குட்டையாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். அதை எங்களுக்குப் படத்தோடு விளக்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் கரு தங்காவிட்டால் ஐ.வி.எஃப். பற்றிப் பேசலாம் என்று அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021 சட்டப்படி வாங்கிய பதிவுச் சான்றிதழ் வரவேற்பிலேயே மாட்டியிருக்கிறது. நீங்கள் எங்கே போனாலும் அதைப் பாருங்கள்.

குறை என்றால் காத்திருப்புதான். டோக்கன் நேரத்துக்கும் டாக்டரைப் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை, உட்கார நாற்காலியும் போதாது. மருந்துக் கடை பில்லையும் ஒருமுறை சரிபாருங்கள். வியாழன் மாலை ஆபரேஷன் செய்பவரும் ஐ.வி.எஃப். டாக்டரும் சேர்ந்தே இருப்பார்கள். பழைய டிஸ்சார்ஜ் கார்டோடு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அன்றைக்குப் போங்கள்.